ராத்திரி டேட்டாவைத் தின்றது யார்? வீட்டு நெட்டுக்கு ஒரு ப்ராக்ஸி குறிப்பேடு

எங்கள் வீட்டு இணைப்பில் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். மூன்று மாதமாக இருபதாம் தேதிக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. நான் மகனைச் சந்தேகப்பட்டேன். மகன் தாத்தாவின் டிவியைக் கைகாட்டினான். மாமனார் ஒன்றும் பேசாமல் என் லேப்டாப்பைப் பார்த்தார்.

கணக்கெழுதிப் பிழைக்கிறவள் நான். வவுச்சர் இல்லாமல் யார் பெயரிலும் செலவு எழுதக்கூடாது. சரி, நெட்டுக்கும் ஒரு குறிப்பேடு போட்டுவிடுவோம் என்று இறங்கினேன். கம்ப்யூட்டர் எனக்குத் தொழில் இல்லை, ஆனால் எழுதியிருப்பதைப் படித்து அப்படியே செய்யத் தெரியும். அந்த அளவு தெரிந்தவர்களுக்குத்தான் இது.

ப்ராக்ஸி என்பது வீட்டுக் கருவிகளுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு தரகர். போன் நேராக ஒரு தளத்துக்குப் போகாமல் "எனக்காக அங்கே போய் வா" என்று ப்ராக்ஸியிடம் சொல்லும். ப்ராக்ஸி போய் வாங்கி வந்து கொடுக்கும். எல்லாம் தன் கை வழியாகப் போவதால், யார் கேட்டது, எங்கே போனது, எத்தனை பைட் வந்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதி வைக்க அதனால் முடியும். இந்த வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள். ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிரிந்து 1996-இல் வெளிவந்தது. பழைய ஆள் என்பதால், எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் அது ஏற்கெனவே யாரோ ஒருவருக்கு வந்திருக்கும்.

தேவையானது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். என்னிடம் சும்மா கிடந்த ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது உள்ளங்கை அளவு சின்னக் கம்ப்யூட்டர், இருந்தது. டெபியன் வகை லினக்ஸ் ஓடும் பழைய லேப்டாப் இருந்தாலும் போதும். அதை வைஃபையில் விடாமல் கேபிள் போட்டு ரவுட்டரில் செருகுங்கள். வீட்டு நெட் முழுவதும் அதன் வழியாகப் போகப் போகிறது.

முதலில் பெயர்ப்பட்டியல்

ஸ்க்விட்டை நிறுவுவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நான் அதைக் கடைசியில் செய்து, ஒரு வாரப் பதிவைத் தூக்கிப் போட்டேன். ஸ்க்விட்டுக்குக் கருவியின் பெயர் தெரியாது, வீட்டு நெட்டில் அதற்குக் கொடுத்த எண்ணான ஐபி முகவரிதான் தெரியும். அந்த முகவரியை ரவுட்டர் கொடுக்கிறது, அவ்வப்போது மாற்றியும் கொடுக்கும். திங்கட்கிழமை மகனின் போனாக இருந்த 192.168.1.23 வியாழக்கிழமை என் கணவரின் போனாக இருந்தால், அந்தக் குறிப்பேட்டை வைத்து யாரையும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

ஆகவே ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், டிஹெச்சிபி பகுதியில் (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை அதனுடையது) முகவரி ஒதுக்கீடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ரவுட்டருக்கு ரவுட்டர் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்: இந்த மேக் முகவரி (கருவியோடு பிறந்த அடையாள எண்) உள்ள கருவிக்கு எப்போதும் இந்த ஐபி. ப்ராக்ஸி கம்ப்யூட்டருக்கு 192.168.1.10 கொடுத்தேன். மற்றவற்றுக்கு 21 முதல் வரிசையாகக் கொடுத்து, எது யாருடையது என்று ஒரு காகிதத்தில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

ஒரு சிக்கல் வரும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் தங்கள் நிஜ மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. வெளியிடங்களில் அது நல்லதுதான். வீட்டு வைஃபைக்கு மட்டும் போனின் வைஃபை அமைப்பில் போய், கருவியின் சொந்த மேக் முகவரியைக் காட்டும்படி மாற்றிவிட்டு, அந்த எண்ணை ஒதுக்கீட்டில் போடுங்கள்.

நிறுவுதல்

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் சொல்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

'சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஸ்க்விட்' என்று அடித்தால் நிறுவி, ஓடவும் தொடங்கிவிடும். எந்த போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டரின் எந்த எண்ணுள்ள வாசலில், காத்திருக்கும் என்பது முன்பே வைத்தது: 3128. அதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

நிறுவியதும் அது யாரையும் உள்ளே விடாது. விதிகள் எல்லாம் எட்சி ஃபோல்டருக்குள், ஸ்க்விட் ஃபோல்டரில், ஸ்க்விட்.கான்ஃப் என்ற கோப்பில் இருக்கின்றன. பெரிய கோப்பு, பெரும்பாலும் விளக்கக் குறிப்புகள். அதில் அனுமதி விதிகளின் வாலில் 'எல்லாரையும் மறு' என்று ஒரு விதி உண்டு. நான் அதற்கும் கீழே, கோப்பின் கடைசி வரியாக, 'என் வீட்டை அனுமதி' என்று சேர்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க 'அனுமதி இல்லை' என்னும் 403 பிழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்க்விட் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். 'எல்லாரையும் மறு' எல்லாருக்கும் பொருந்துமே! அதற்குக் கீழே நான் எழுதியதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டெபியனில் இதற்கு ஒரு சுத்தமான வழி இருக்கிறது. அதே ஸ்க்விட் ஃபோல்டருக்குள் கான்ஃப்.டி என்று ஒரு சின்ன ஃபோல்டர் இருக்கும். அதில் போடும், கான்ஃப் என்று முடியும் கோப்புகளை அந்த 'மறு' விதிக்கு முன்பாகவே ஸ்க்விட் படித்துவிடும். அங்கே வீடு.கான்ஃப் என்று ஒரு கோப்பைத் திறந்து இரண்டு வரி எழுதினேன்:

ஏசிஎல் வீடு எஸ்ஆர்சி 192.168.1.0/24
ஹெச்டிடிபி_அக்சஸ் அலவ் வீடு

முதல் வரி, 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளுக்கெல்லாம் சேர்த்து 'வீடு' என்று ஒரு பெயர் வைக்கிறது. நான் அதே பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தேன், நீங்கள் எதையும் வைக்கலாம். இரண்டாம் வரி, அந்தப் பெயருக்கு அனுமதி. உங்கள் ரவுட்டர் 192.168.0 என்றோ 10.0.0 என்றோ கொடுத்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுதியதும் 'சூடோ ஸ்க்விட் -கே பார்ஸ்' அடித்தால், கோப்பில் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். பிழை இல்லையென்றால் 'சூடோ ஸ்க்விட் -கே ரீகான்ஃபிகர்'. முழுதாக நிறுத்தித் தொடங்கவேண்டாம். நிறுத்தச் சொன்னால், திறந்திருக்கும் இணைப்புகள் முடியட்டும் என்று ஸ்க்விட் 30 விநாடி வரை காத்திருக்கும். அந்த அரை நிமிடத்தில் வீட்டில் மூன்று அறையிலிருந்தும் குரல் வரும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. ரவுட்டரில் 3128 போர்ட்டை வெளியிலிருந்து உள்ளே திறந்துவிடாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். திறந்த ப்ராக்ஸியைத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கிகள் அலைந்துகொண்டிருக்கின்றன. அனுமதி விதியில் ஒரு சின்னத் தவறு இருந்தால் போதும், முன்பின் தெரியாதவர்கள் செய்வதெல்லாம் உங்கள் முகவரியிலிருந்து போனதாக இருக்கும்.

கருவிகளை அதன் வழியாக அனுப்புதல்

போனில் வைஃபை அமைப்பைத் திறந்து, வீட்டு வைஃபையின் விவரத்துக்குள் போனால் ப்ராக்ஸி என்று ஒரு வரி இருக்கும். அதைக் கையால் அமைப்பதாக மாற்றி, முகவரி 192.168.1.10, போர்ட் 3128 என்று கொடுங்கள். இது அந்த வைஃபைக்கு மட்டும்தான், வெளியே போய் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது இதனால் ஒன்றும் ஆகாது. விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குள் ப்ராக்ஸி பக்கம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு ப்ராக்ஸி அமைப்பு வைத்திருக்கிறது, அதையும் ஒரு தடவை பாருங்கள். லேப்டாப்பில் வைஃபை வாரியாக இது மாறாது. வெளியே எடுத்துப் போனால் அணைக்க நினைவிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் திறக்காது.

முகவரி கேட்கும் இடத்தில் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுக்காமல் எண்ணையே கொடுங்கள். பெயர் கொடுத்தால் சில கருவிகள் ஐபிவி6 என்ற புதுவகை நீள முகவரி வழியாக ப்ராக்ஸிக்கு வரும். ஐபிவி6-இல் போன்கள் முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும், நீங்கள் காகிதத்தில் ஒட்டிய பட்டியலுக்கு வேலையே இருக்காது.

எங்கள் வீட்டில் ஆறு கருவிகளுக்கு இப்படிச் செய்தேன். டிவியில் ப்ராக்ஸி அமைப்பே இல்லை. அது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

ஒரு வரியைப் படிப்பது

குறிப்பேட்டின் பெயர் அக்சஸ்.லாக். வார் ஃபோல்டர், அதற்குள் லாக், அதற்குள் ஸ்க்விட். 'சூடோ டெயில் -எஃப்' என்று போட்டு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், வரிகள் வர வர ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாள் அரை மணி நேரம் அதையே வேடிக்கை பார்த்தேன். வரி ஒன்று இப்படி இருக்கும்:

1700000000.412 184230 192.168.1.23 டிசிபி_டனல்/200 734208 கனெக்ட் எக்ஸாம்பிள்.காம்:443 - ஹையர்_டைரக்ட்/203.0.113.7 -

முதல் எண் நேரம். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்ற கணக்கு. 'டேட் -டி @1700000000' என்று அடித்தால் மனிதருக்குப் புரியும் நேரமாக மாற்றித் தரும். மேலே இருப்பது 2023 நவம்பர் 14, உலகப் பொது நேரப்படி இரவு 10 மணி 13 நிமிடம் 20 விநாடி.

அடுத்த எண், இந்த வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்பது, மில்லிசெகண்டில். 184230 என்றால் மூன்று நிமிடம் நாலு விநாடி. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். நான் முதலில் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஸ்க்விட் ஒரு வேலை தொடங்கும்போது வரி எழுதுவதில்லை, முடிந்த பிறகுதான் எழுதுகிறது. ஆக 10:13:20 என்பது இணைப்பு மூடிய நேரம். மூன்று நிமிடம் நாலு விநாடியைக் கழித்தால் 10:10:16, அப்போதுதான் அது தொடங்கியது. மூன்று நிமிடம் என்றால் பரவாயில்லை. ஒருநாள் மகனின் லேப்டாப் பெயரில் நள்ளிரவு 1:40-க்கு ஒரு வரியைப் பார்த்துவிட்டு, காலையில் அவனை எழுப்பி விசாரணை வைத்தேன். "நான் பத்தரைக்கே தூங்கிட்டேன்மா" என்றான். அந்த வரியில் இரண்டாவது எண் 12600000. மூன்றரை மணி நேரம். 10:10-க்குத் திறந்த ஒரு பக்கத்தை மூடாமல் தூங்கியிருக்கிறான், இணைப்பு 1:40-க்குத்தான் அறுந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாவது, கருவியின் முகவரி. காகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, ஸ்க்விட் என்ன செய்தது, பதில் எண் என்ன என்ற ஜோடி. டனல்/200 என்றால் சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. டிசிபி_மிஸ் என்றால் தன் சேமிப்பில் இல்லாததால் வெளியே போய் வாங்கி வந்தது, டிசிபி_ஹிட் என்றால் சேமிப்பிலிருந்தே கொடுத்தது. டிசிபி_டினைட்/403 என்றால் உங்கள் விதி தடுத்திருக்கிறது. இந்தக் கடைசி வகை திடீரென்று ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் வந்தால், அந்தத் தளத்தின் போர்ட் எண்ணைப் பாருங்கள். 443 தவிர வேறு போர்ட்டுக்குச் சுரங்கப்பாதை கேட்டால் ஸ்க்விட் முன்பே வைத்த விதிப்படி மறுக்கும். என் அலுவலகத்தின் வருகைப் பதிவுப் பக்கம் 8443-இல் இருந்ததால் திறக்கவில்லை. ஸ்க்விட்.கான்ஃப் கோப்பில் எஸ்எஸ்எல்_போர்ட்ஸ் என்ற வரிக்குக் கீழே அதே மாதிரி இன்னொரு வரியில் 8443 சேர்த்ததும் சரியாயிற்று.

ஐந்தாவது பைட் கணக்கு. 734208, அதாவது 717 கேபி. கவனிக்கவேண்டியது, இது கருவிக்கு உள்ளே வந்த கணக்கு. போன் வெளியே ஏற்றிய படமும் வீடியோவும் இதில் வராது. வரவு மட்டும் எழுதிய புத்தகம்.

மீதியில் கனெக்ட் என்பது கேட்ட விதம், அப்புறம் எங்கே என்ற தளப்பெயர், கடைசியில் ஸ்க்விட் நேராகப் போய்த் தொட்ட வெளி முகவரி. நடுவில் வரும் ஒற்றைக் கோடு, பயனர் பெயர் எழுதும் இடம். கடவுச்சொல் வைக்காததால் காலியாக இருக்கிறது.

இதில் தெரியாதது

ஸ்க்விட் போட்ட மறுநாளே மகன் வந்து நின்றான். "அம்மா, நான் பார்க்கிறதெல்லாம் இதுல உனக்குத் தெரியுமா?"

அவனை உட்காரவைத்து அந்த வரியையே காட்டினேன். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் ஹெச்டிடிபிஎஸ். அதற்கு ப்ராக்ஸியிடம் கருவி கேட்பது "இந்தத் தளத்தின் 443-க்கு ஒரு சுரங்கப்பாதை" என்பது மட்டும். பாதை போட்ட பிறகு உள்ளே போவதெல்லாம் பூட்டிய பெட்டி. எந்தப் பக்கம், என்ன தேடினான், யாருக்கு என்ன எழுதினான், எதுவும் தெரியாது. தளத்தின் பெயர், நேரம், எடை, இவ்வளவுதான். பூட்டு இல்லாத பழைய ஹெச்டிடிபி தளங்களில் மட்டும் முழு முகவரியும் வரும். அதிலும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை ஸ்க்விட் தானாகவே வெட்டிவிட்டுத்தான் எழுதும்.

பூட்டைத் திறக்க ஒரு வழி இருக்கிறது என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. எஸ்எஸ்எல் பம்ப் என்பார்கள். ப்ராக்ஸி தானே ஒரு சான்றிதழ் தயாரித்து, அதை நம்பும்படி வீட்டின் எல்லாக் கருவிகளிலும் ஏற்றி, நடுவில் பெட்டியைத் திறந்து படித்துவிட்டு மறுபடி பூட்டி அனுப்புவது. டெபியனில் அதற்கு ஸ்க்விட்-ஓபன்எஸ்எஸ்எல் என்ற தனிப் பொதியே உண்டு. நான் அதைத் தொடவில்லை. ஆண்ட்ராய்டு 7-இலிருந்து பெரும்பாலான செயலிகள், நாம் ஏற்றும் சான்றிதழை நம்புவதே இல்லை. வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும். அதைவிட, என் சான்றிதழின் சாவி யார் கையிலாவது சிக்கினால் வீட்டின் எல்லாப் பூட்டும் திறந்துகொள்ளும். டேட்டாவைத் தின்றது யார் என்று பார்க்க வந்தவளுக்கு யார் என்ன பேசுகிறார்கள் என்பது எதற்கு?

தளப்பெயர் தெரிவதே சிலருக்கு அதிகம்தான். அதனால் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வைத்திருக்கிறேன். குறிப்பேட்டை எத்தனை நாள் வைத்திருப்பேன் என்பதும் அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. சொல்லாமல் செய்ய நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேரேட்டில் ஏற்றுதல்

குறிப்பேட்டில் நடந்தது நடந்த வரிசையில் இருக்கும். யார் பெயரில் எவ்வளவு என்று தெரிய, பேரேட்டில் ஏற்றவேண்டும். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஆக் என்ற கருவியில் ஒரே வரியில் முடிப்பார்கள்: மூன்றாவது நிரலின்படி (நெடுவரிசை) பிரித்து ஐந்தாவது நிரலைக் கூட்டு. நான் எனக்குப் பழகின வழியில் போனேன். கோப்பை லேப்டாப்புக்கு நகலெடுத்து, விரிதாளில் திறந்து, இடைவெளியால் நிரல் பிரித்து, பெயர்வாரியாகக் கூட்டித் தரும் பிவட் அட்டவணை போட்டேன். இடைவெளி ஒன்றுக்கு மேல் தொடர்ந்து வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெட்டியில் டிக் போட மறக்கவேண்டாம். ஸ்க்விட் இரண்டாவது நிரலை வரிசையாக நிறுத்த முன்னால் வெற்றிடம் விடும், டிக் போடாவிட்டால் எல்லா நிரலும் நகர்ந்துவிடும்.

இணையத்தில் பலர் குறிப்பேட்டின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள், நேரம் படிக்கும்படி வரும் என்று. செய்யலாம். ஆனால் ஸ்க்விட் பதிவைப் படித்து அறிக்கை தரும் பழைய கருவிகள் இந்த வடிவத்தைத்தான் எதிர்பார்க்கும். நேரத்தை மாற்ற விரிதாளில் ஒரு சூத்திரம் போதும்: எண்ணை 86400-ஆல் வகுத்து, 1970 ஜனவரி 1 தேதியோடு கூட்டி, உங்கள் நேர மண்டல வித்தியாசத்தைச் சேர்த்தால் ஆயிற்று.

சரிகட்டிப் பார்த்தல்

என் முதல் வாரப் பேரேடு பார்க்க அழகாக இருந்தது. ஆறு கருவி, மொத்தம் 21 ஜிபி, ராத்திரி 12-லிருந்து 5 வரை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆக யாரும் குற்றவாளி இல்லை என்று மூடிவைத்திருப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் நம்முடைய புத்தகத்தை மட்டும் பார்த்து யாரும் கணக்கை முடிப்பதில்லை. வங்கியின் அறிக்கையை எடுத்து வைத்துச் சரிகட்டும் பட்டியல் போடுவோம். இங்கே வங்கி, ரவுட்டர்.

பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் வெளி இணைப்பின் மொத்த இறக்கமும் ஏற்றமும் தனித்தனியாக இருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அது பூஜ்யத்துக்குப் போய்விடலாம். அதனால் வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றத்தை விடுங்கள், நம் குறிப்பேட்டில் அது இல்லை. இறக்கத்தை மட்டும் எடுத்தேன். 48 ஜிபி.

21 எங்கே, 48 எங்கே!

கொஞ்சம் வித்தியாசம் இயல்புதான். ஒவ்வொரு 1500 பைட் பொட்டலத்திலும் 40 பைட்டாவது முகவரி எழுதிய உறைக்குப் போகும். ரவுட்டர் உறையையும் சேர்த்து எடைபோடும், ஸ்க்விட் உள்ளே இருப்பதை மட்டும். அது ஏறக்குறைய 3 சதவீதம். அப்புறம், எண்ணை எழுதும் நேரத்தில் திறந்திருந்த இணைப்புகள் இன்னும் குறிப்பேட்டுக்கு வந்திருக்காது, மாற்றலுக்குப் போன காசோலை மாதிரி. இரண்டையும் தாராளமாகக் கழித்தாலும் 26 ஜிபி மிச்சம் நின்றது. அவ்வளவும் ப்ராக்ஸியைத் தொடாமல் போன டேட்டா.

ப்ராக்ஸியைத் தொடாமல் போக இரண்டு வழி உண்டு. ப்ராக்ஸி போட்ட போனிலேயே சில செயலிகள் அந்த அமைப்பை மதிக்காமல் நேராகப் போகும். அல்லது ப்ராக்ஸியே போடாத கருவி. நான் இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் ஒன்பது பேர். என் காகிதத்தில் ஆறு, ப்ராக்ஸி ஒன்று, டிவி ஒன்று. எட்டு. ஒன்பதாவது 192.168.1.37, பெயர் எதுவும் இல்லை.

அக்கம்பக்கத்தில் யாரோ வைஃபையைத் திருடுகிறார்கள் என்று என் கணவர் கடவுச்சொல்லை மாற்றக் கிளம்பினார். "ஒரு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டில் திரை உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து ஐபி பார்த்தேன். கூடத்து அலமாரியில் குடும்பப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும் பழைய டேப்லெட். அதை யாரும் கருவியாகவே எண்ணவில்லை, போட்டோ சட்டம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அதற்கும் ப்ராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் குறிப்பேட்டில் ஒரே தளத்துக்கு மூன்று வரி. முடிந்த நேரம் 2:41, 3:18, 3:56. ஒவ்வொன்றிலும் ஐந்தாவது எண் 64 கோடியே 17 லட்சத்துச் சொச்சம், அதாவது 612 எம்பி. டேப்லெட்டைத் திறந்தால், சேமிக்க இடம் போதவில்லை என்று ஒரு அறிவிப்பு. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு அப்டேட்டை முழுதாக இறக்கி, வைக்க இடமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து இறக்கியிருக்கிறது. மூன்று தடவை, 1.8 ஜிபி. வாரத்துக்குப் பன்னிரண்டரை ஜிபி. தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி, பழைய வீடியோக்களை அழித்தேன்.

மிச்சம் டிவி. டிவியைப் போல ப்ராக்ஸி அமைப்பே இல்லாதவற்றை ரவுட்டர் வழியாக வலுக்கட்டாயமாக ஸ்க்விட்டுக்குத் திருப்பலாம். ஆனால் ஹெச்டிடிபிஎஸ் என்று வரும்போது மேலே சொன்ன சான்றிதழ் வட்டாரத்துக்குள் போகவேண்டியிருக்கும். அதற்குப் பதில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருள் போன்ற ஒன்றைப் போட்டால், டிவி எந்தெந்தப் பெயரைத் தேடியது என்ற டிஎன்எஸ் பட்டியல் கிடைக்கும். எடை மட்டும் அதில் இருக்காது. என் கணக்குக்கு எடைதான் வேண்டும், அதனால் டிவியை 'மற்றவை' என்ற தலைப்பில் விட்டுவிட்டேன். சரிகட்டும்போது மிஞ்சுவது டிவி என்று எடுத்துக்கொள்வது.

பராமரிப்பு

பழைய குறிப்பேடுகளைச் சுருக்கிவைத்து, நாள் கடந்ததை அழிக்கும் வேலையை லாக்ரொட்டேட் செய்கிறது. டெபியனில் ஸ்க்விட்டுக்கான அதன் கோப்பில் தினமும் சுழற்று, 2 வைத்துக்கொள் என்று இருக்கும். நான் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மூன்று நாள் பதிவுதான் இருந்தது. எட்சி ஃபோல்டரில் லாக்ரொட்டேட்.டி, அதற்குள் ஸ்க்விட் என்ற கோப்பில் அந்த 2-ஐ 35 ஆக்கினேன். ஒரு மாதக் கணக்குப் பார்க்கப் போதும், அதற்குமேல் வைத்திருக்கவும் கூடாது.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருப்பது மெமரி கார்டுக்கு ஆகாது, லாக் ஃபோல்டரை ஒரு யூஎஸ்பி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பையின் பழைய மாதிரிகளில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால், இணையம் கிடைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வரை பழைய நேரத்தையே எழுதிக்கொண்டிருக்கும். திடீரென்று குறிப்பேட்டில் நேரம் பின்னால் போனால் பேய் என்று நினைக்கவேண்டாம்.

அடுத்த வாரம் மறுபடி சரிகட்டினேன். ரவுட்டரில் 35, பேரேட்டில் 21, உறைக்கணக்கு கழித்து மிச்சம் 13 ஜிபி. காகிதத்தில் டிவி என்று எழுதும்போது மாமனார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பதிமூணா? அவ்வளவா பார்க்கிறேன்?"

"ஆமா மாமா. ஆனா வரம்புக்குள்ளதான் இருக்கு."

"அப்போ அப்படியே எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனார்.